கராஜில் ஆறிய கறி

அந்தக் கறியைச் சமைத்தவன் நான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர்ச் சங்கத்தின் வருடாந்த ஒன்றுகூடல். சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு மண்டபம், இருநூறு பேர், ஜனவரி வெயில். முப்பது கிலோ ஆட்டிறைச்சி. முதல் நாள் இரவு என் வீட்டுக் கராஜில் காஸ் அடுப்பு மூட்டி, இரண்டு கிடாரங்களில் சமைத்தோம். அடுப்பை அணைக்க நள்ளிரவு தாண்டிவிட்டது. அவ்வளவு பெரிய கிடாரத்துக்கு எந்த வீட்டுக் குளிர்ப்பெட்டியில் இடமிருக்கிறது? மூடியைப் போட்டு, கராஜ் தரையிலேயே விட்டுவிட்டுப் படுக்கப் போனோம்.

விடியத் தொட்டுப் பார்த்தால் கிடாரம் இன்னும் இளஞ்சூடு. "பாத்தியளே அண்ணை, சூடுகூட ஆறேல்லை, பழுதாகாது" என்றார் கூடச் சமைத்த நண்பர். நானும் தலையாட்டினேன். மதியம் லேசாகச் சூடுகாட்டிப் பரிமாறினோம். ஊர்ச் சுவை என்று வந்தவர்கள் விரல் சூப்பினார்கள். மிஞ்சிய கறியைப் பெட்டிகளில் போட்டு, தனியே இருக்கும் வயதானவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு ஆகட்டும் என்று கொடுத்தனுப்பினோம். அந்தப் பெட்டிகளை நான் மறக்கப்போவதில்லை.

அன்றிரவு இரண்டு மணிக்கு என் வயிற்றைப் பிசையத் தொடங்கியது. விடிவதற்குள் ஐந்து தரம் போனேன். மனைவிக்கும் அதே கதை. பத்து மணிக்குப் பாமசிக்குப் போனேன். நீர்ச்சத்துக் கரைசல் பைக்கற்றுகள் இருக்கும் தட்டுக்கு முன்னால் எங்கள் சங்கத்துக் குடும்பங்கள் மூன்று நின்றன. ஒருவர் என்னைக் கண்டதும் கையிலிருந்த பைக்கற்றைப் பனடோல் பெட்டிக்குக் கீழே மறைத்தார். "சின்னவனுக்குக் காய்ச்சல்" என்றார். "எங்களுக்கும் தடிமன்தான்" என்றேன் நான். இருவரும் ஒருவரையொருவர் நம்பியதுபோல் நடித்துவிட்டு வெளியே வந்தோம். கைப்பேசியைத் திறந்தால் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் "சாப்பாடு அந்த மாதிரி" என்ற பாராட்டும், அதன்கீழ் கைகூப்பும் பொம்மைகளும் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நானும் ஒரு பொம்மையைப் போட்டேன்.

வயிற்றைப் பிசைந்தபோதே எனக்குக் கறியின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. பாமசியில் அது உறுதியானது. ஆனால் அந்த முதியவர்களில் ஒருவருக்கும் நான் தொலைபேசி எடுக்கவில்லை. அவர்கள் மதியம் அந்தப் பெட்டிகளைத் திறந்து சாப்பிட்டார்கள். எழுபத்தெட்டு வயது அன்ரி ஒருவர் நீர் வற்றி, ஆசுப்பத்திரியில் இரண்டு நாள் சேலைன் ஏற்றிக்கொண்டு கிடந்தார். பார்க்கப் போனவர்களிடம் "தலைச்சுத்து" என்றாராம். பார்க்கப் போனவர்களில் நானும் ஒருவன்.

பிறகுதான் தேடிப் படித்தேன். கொதிக்க வைத்தால் எல்லாம் செத்துவிடும் என்று நம்புகிறோமே, அது பாதி உண்மை. கிளொஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜன்ஸ் என்று ஒரு கிருமி இருக்கிறது. அதன் வித்துகள் கொதிப்பைத் தாங்கிக் கிடக்கும். கறி ஆறத் தொடங்கியதும் விழித்துக்கொள்ளும். நாற்பது பாகையைச் சற்றுத் தாண்டிய சூட்டில் ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். "சூடுகூட ஆறேல்லை" என்று நாங்கள் பெருமைப்பட்ட அந்த இளஞ்சூடு அதற்குப் பஞ்சணை. சாப்பிட்டு 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்றுப் பிசைவும் வயிற்றோட்டமும் வரும். வாந்தியும் காய்ச்சலும் பெரும்பாலும் இருக்காது. திடமானவர்களுக்கு ஒரு நாளில் அடங்கிவிடும், முதியவர்களைப் படுக்கையில் போட்டுவிடும். சோற்றில் பசிலஸ் செரியஸ் என்று இதற்கு ஒரு பங்காளி உண்டு. அது சோற்றில் கக்கி வைக்கும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

இந்த நாட்டு உணவு விதி எளிமையானது. சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்குள் 60 பாகையிலிருந்து 21க்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5க்கும் இறங்க வேண்டும். கிடாரத்தை மூடி வைத்தால் ஒரு நாளும் இறங்காது. ஆழமில்லாத தட்டங்களில் பிரித்து ஊற்றிக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தால் இறங்கும். எங்களுக்குத் தேவைப்பட்டது இருபது அலுமினியத் தட்டங்களும் நாலு வீட்டுக் குளிர்ப்பெட்டிகளும். எங்கள் தெருவிலேயே அவை இருந்தன.

குற்றவாளி இந்தக் கிருமிதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அறிகுறிகள் பொருந்துகின்றன, நேரம் பொருந்துகிறது. ஆனால் அன்று வயிற்றால் போனவர்களில், எனக்குத் தெரிந்தவரை, ஒருவர்கூட மலத்தைச் சோதனைக்குக் கொடுக்கவில்லை. ஒரே உணவைச் சாப்பிட்ட இருவரோ பலரோ நோயுற்றார்கள் என்று தெரிந்தால் நியூ சவுத் வேல்ஸில் டொக்டர் அதைப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவித்தாக வேண்டும். நாங்களே அழைக்கவும் ஓர் எண் இருக்கிறது: 1300 066 055. ஞாயிறு காலை யாராவது வாய் திறந்திருந்தால் அந்தப் பெட்டிகள் குப்பைக்குப் போயிருக்கும். சமைத்தவனின் மானத்தைக் காக்க மற்றவர்கள் பேசாதிருந்தார்கள். சமைத்தவன் தன் மானத்தைக் காக்கப் பேசாதிருந்தான். நடுவில் அகப்பட்டது அன்ரியின் வயிறு.

இதை ஒரு நாள் தவறென்று எழுதி மூடிவிடலாம். நாற்பது வருடங்களாக இந்த நகரத்தில் நாம் நம் வயிற்றை இப்படித்தான் நடத்திவருகிறோம் என்பதால் மேலே எழுதுகிறேன்.

இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து இறங்கினோம். ஸ்ட்ராத்ஃபீல்டிலும் ஹோம்புஷிலும் சின்ன அடுக்கு வீடுகளில் தொடங்கி, வீடு வாங்கினோம், கோயில் கட்டினோம், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடத்தினோம். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் டொக்டர்கள் என்று விரல்விட்டு எண்ணி, விரல் போதாமல் பெருமைப்பட்டோம். அதே பிள்ளையின் முன்னால் தாயால் "எனக்கு இரத்தம் கலந்து போகுது" என்று சொல்ல முடியவில்லை. மொழிபெயர்ப்புக்கு மகனையோ பேரனையோ கூட்டிக்கொண்டுதான் டொக்டரிடம் போகிறோம். டொக்டர் கேட்கிறார். பேரன் கூசிக் கூசித் தமிழில் கேட்கிறான். அம்மம்மா "வயிறு கொஞ்சம் சரியில்லை எண்டு சொல்லு" என்கிறார். இரத்தமும் சளியும் எத்தனை நாள், எத்தனை தரம் என்ற கணக்கும் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துபோகின்றன. 131 450 என்ற எண்ணில் தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளரை டொக்டரே அழைக்கலாம், நமக்குச் செலவில்லை. முகம் தெரியாத ஒருவரிடம் சொல்வது பேரனிடம் சொல்வதைவிட எளிது. எத்தனை வீடுகளில் அந்த எண் ஒட்டியிருக்கிறது?

நமக்குச் சொல் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் 1860களிலேயே மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்கினார். வயிற்றோட்டம், வயிற்றுளைவு, சத்தி, சீதபேதி, நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி, கொழுக்கிப்புழு என்று ஊரில் ஒவ்வொன்றுக்கும் பெயரிருந்தது. பள்ளி விடுமுறையில் அம்மா பேதிக்குத் தந்துவிட்டு, எத்தனை தரம் போனது என்று முற்றத்தில் நின்று சத்தமாகக் கணக்குக் கேட்பார். அயலட்டையில் யாரும் அதற்குக் கூசவில்லை. கூச்சத்தை நாம் இங்கே வந்து வாங்கினோம், வீட்டோடும் காரோடும் சேர்த்து.

அடுத்தது நம் சூட்கேஸ். டிசம்பரில் ஊருக்குப் போகிறோம். சொக்கலேற்றும் பனடோலும் நாற்பது கிலோ கட்டுகிறோம். பயணத்துக்கு ஆறு வாரம் முன்னால் டொக்டரிடம் போய் நெருப்புக் காய்ச்சல் ஊசியும் செங்கமாரியைத் தரும் ஹெபடைற்றிஸ் ஏ ஊசியும் போட நமக்கு நேரமில்லை. "நான் அந்தக் கிணத்துத் தண்ணி குடிச்சு வளந்தவன்" என்கிறோம். வளர்ந்தவர் நீங்கள். கூடப் போகும் பேத்தி சிட்னியில் பிறந்தவள். நீங்கள் குடித்த காலத்து எதிர்ப்பு உங்களிடமே இப்போது இருக்குமென்று உறுதியில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே தண்ணீருக்குத் தடையில்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 2009இல் வன்னியில் போரால் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மனிக் பாம் முகாமில் செங்கமாரி பரவியதைப் படித்துப் பதறினோம். பாதை திறந்ததும் அதே வன்னிக்குப் பிள்ளைகளை ஊசியில்லாமல் கூட்டிப்போனோம்.

நியூ சவுத் வேல்ஸில் நெருப்புக் காய்ச்சல் காண்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாடு போய் வந்தவர்கள். தெற்காசியாவில் உறவினரைப் பார்த்துத் திரும்புபவர்கள் அவர்களில் முக்கியமானவர்கள். ஹோட்டலில் தங்கும் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி பயந்து ஊசி போடுகிறார், போத்தல் தண்ணீர் குடிக்கிறார். நமக்கு அது சொந்த வீடு. மாமி தரும் தண்ணீரை வேண்டாமென்று எப்படிச் சொல்வது? "கொதிச்ச தண்ணியே மாமி?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ஊரில் இருப்பவர்களிலேயே பலர் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறார்கள்.

திரும்பி வந்து ஒரு வாரத்திலோ மூன்று வாரத்திலோ காய்ச்சல் ஏறிக்கொண்டே போனால், டொக்டரிடம் முதல் வசனமாக "ஊருக்குப் போய் வந்தனான்" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் அவர் இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவார். நாம் செய்வது வேறு. கொழும்பிலோ சென்னையிலோ சீட்டில்லாமல் வாங்கி, சூட்கேஸின் மூலையில் செருகி வந்த அன்ரிபயோற்றிக்கை நாலு குளிசை போடுகிறோம். காய்ச்சல் சற்று இறங்கியதும் மிச்சத்தை அடுத்த முறைக்கு வைக்கிறோம். அரைகுறையாக அடிவாங்கிய கிருமி சோதனையில் பிடிபடாமல் ஒளிந்துகொள்கிறது. தெற்காசியாவின் நெருப்புக் காய்ச்சல் கிருமி பல மருந்துகளுக்கு மசியாத நிலைக்கு வந்தது இப்படிப்பட்ட அரைக் குளிசைகளாலும்தான். அந்த வரலாற்றில் நம் சூட்கேஸ்களுக்கும் பங்குண்டு.

பிள்ளைகளின் வயிற்றோட்டத்திலும் நம் கைவைத்தியம் தவறான பக்கத்தில் ஓடுகிறது. வயிற்றைக் "கட்டுற" குளிசையைத் தேடுகிறோம். பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. இரத்தமோ கடும் காய்ச்சலோ இருந்தால் பெரியவர்களுக்கும் ஆபத்து. லெமனேட்டும் பழச்சாறும் கொடுக்கிறோம். அவற்றின் சீனி குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டும். வேண்டியது உப்பும் குளுக்கோசும் சரியான அளவில் சேர்ந்த கரைசல். 1971இல் வங்கதேச அகதிகள் வந்து குவிந்த பொன்காவ் முகாமில் கொலரா பரவியபோது, ஏற்றுவதற்குச் சேலைன் தீர்ந்துபோக, டொக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைக் கலந்து உறவினர் கையிலேயே கொடுத்தார். சாவு பல மடங்கு குறைந்தது. அகதி முகாமில் நிரூபணமான மருந்து அது. அகதிகளாக வந்த நாம்தான் அதைப் பனடோல் பெட்டிக்குக் கீழே மறைக்கிறோம். பைக்கற் கிடைக்காத இடத்தில் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு. அளவு தப்பக்கூடாது, உப்புக் கூடினால் கெடுதல். பிள்ளை சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் சிறுகச் சிறுகக் கொடுக்க வேண்டும். கண் குழிந்தாலோ, சலம் போகாவிட்டாலோ, சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையென்றாலோ வீட்டில் வைத்துப் பார்க்கும் வேலையில்லை.

நான் எழுதத் தயங்கும் இடம் இனித்தான் வருகிறது. ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து காரில் சற்று நேரத்தில் கொன்கோர்ட் ஆசுப்பத்திரி. நம்மில் பலருடைய பேரப்பிள்ளைகள் வேலைசெய்யும் இடம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படைவீரர்களுக்காகக் கட்டியது. அந்தப் போரில் ஜப்பானியரிடம் கைதான ஆஸ்திரேலிய வீரர்களை 1942இலும் 43இலும் சயாம் மரண ரயில் பாதையில் வேலை வாங்கினார்கள். 415 கிலோமீற்றர் காடு. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன பல்லாயிரம் தமிழரும் மண் வெட்டினார்கள். 1943 மழைக்காலத்தில் கொலரா வந்தது. ஆஸ்திரேலியருக்கு அவர்களுடைய டொக்டர்கள் கூட இருந்தார்கள். தண்ணீரை வடித்து, மூங்கிலைச் சீவி ஊசியாக்கி, உப்பு நீர் ஏற்றினார்கள். தமிழரில் பெரும்பாலோருக்கு அப்படி யாருமில்லை. ஆசியத் தொழிலாளரில் ஏறத்தாழ 90,000 பேர் இறந்திருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு, பேர்ப்பட்டியல் கிடையாது.

உயிரோடு திரும்பிய ஆஸ்திரேலியரை இந்த நாடு பின்னாளில் சோதித்தது. போர் முடிந்து முப்பத்தைந்து வருடங்களுக்குப் பிறகு மேற்கு ஆஸ்திரேலியாவில் முன்னாள் போர்க்கைதிகள் 160 பேரைப் பார்த்தபோது 44 பேரின் குடலில் ஒரு புழு இன்னும் இருந்தது. 1980இல் அந்த ஆய்வு வெளிவந்தது. புழுவின் பெயர் ஸ்ட்ராங்கிலாய்டிஸ். ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து ஏறும். மற்றப் புழுக்களைப்போல் சில வருடங்களில் செத்துத் தீர்வதில்லை. உள்ளேயே பெருகி, உள்ளேயே மறுபடி தொற்றி, மனிதன் இருக்கும்வரை இருக்கும். அவ்வப்போது வயிற்றுப் பொருமல், அரிப்பு, பலருக்கு அதுவுமில்லை. ஆஸ்த்மாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொய்ட் கொடுக்கும்போதுதான் வினை. உடலின் காவல் தளர்ந்ததும் புழு பல்கிப் பரவி, குடல் கிருமிகளை இரத்தத்துக்குள் இழுத்துச் செல்லும். அந்த நிலைக்குப் போனவர்களில் பலர் திரும்புவதில்லை.

நாம் தோட்டத்தில் வெறுங்காலோடு தண்ணி மாறியவர்கள். பனங்காணிக்கும் வடலிக்கும் வெளிக்குப் போனவர்கள். விசாவுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள், குடலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. அகதிகளாக வருவோரை இந்தப் புழுவுக்குச் சோதிக்க வேண்டும் என்று 2016 ஆஸ்திரேலிய வழிகாட்டுதல் சொல்கிறது. அது இப்போது வருகிறவர்களுக்கு, நாம் வந்து எத்தனையோ வருடமாச்சே என்று இருந்துவிட்டோம். புழு வருடக் கணக்குப் பார்ப்பதில்லை என்பதைத்தான் அந்த 44 பேர் சொன்னார்கள். இது ஓர் இரத்தச் சோதனை. இருந்தால் ஐவர்மெக்ரின், ஓரிரு வார இடைவெளியில் இரண்டு வேளை. கோவிட் காலத்தில் தவறான காரணத்துக்காகப் பேர் கெட்ட அந்தக் குளிசைக்கு இது சரியான வேலை. மூட்டு வலிக்கு ஸ்டீரொய்ட் எழுதும் டொக்டரிடம் "நான் சின்ன வயசிலை வெறுங்காலோடை நடந்தனான், இந்தப் புழுவைப் பாத்துப்போட்டுத் தாங்கோ" என்று ஒரு வசனம் போதும்.

வயிற்று எரிவிலும் இப்படித்தான். வாய்வு, கறித்தூள் காரம், யோசனை என்று ஆளுக்கொரு காரணம் வைத்து, பத்து வருடமாக எரிவுக் குளிசை விழுங்குகிறோம். இரைப்பைப் புண்ணுக்குப் பின்னால் பெரும்பாலும் ஹெலிகோபக்ரர் பைலோரி என்ற கிருமி இருப்பதைக் காட்டியவர்கள் இந்த நாட்டுக்காரர்களே. பேர்த் நகரத்து ரொபின் வொரனும் பரி மார்ஷலும். யாரும் நம்பாதபோது 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியை எடுத்துத் தானே குடித்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. நம் நாடுகளில் பலருக்குச் சிறு வயதிலேயே தொற்றிவிடும் கிருமி அது, இரைப்பைப் புற்றுநோய்க்கும் வழிவிடும். ஒரு மூச்சுச் சோதனையில் தெரிந்துவிடும். எரிவுக் குளிசையை இரண்டு வாரமும், அன்ரிபயோற்றிக்கை நாலு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இருக்கும் கிருமியும் இல்லையென்று காட்டும். ஒருவர் தன் பெயரைப் பொருட்படுத்தாமல் கிருமியைக் குடித்த நாட்டில், நாம் ஒரு குழாய்க்குள் ஊதப் பதினைந்து வருடம் யோசிக்கிறோம்.

இந்த முறை சங்கக் கூட்டத்தில், ஒன்றுகூடல் சாப்பாடு பற்றிய பேச்சு வந்தபோது எழுந்து சொன்னேன். அந்தக் கறி என் கராஜில் ஆறியது என்றேன். எனக்கு அன்று விடியவே சந்தேகம் வந்தது, பெட்டி வாங்கிப் போனவர்களை நான் அழைக்கவில்லை என்றேன். இனிமேல் தட்டங்களில் பிரித்துக் குளிர்விக்க வேண்டும், வயிற்றால் போகிறவர் நின்றபின்னும் இரண்டு முழு நாள் அகப்பையைத் தொடக்கூடாது, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், கைதெளிப்பானுக்கு எல்லாக் கிருமியும் அடங்காது என்று எழுதி வைத்ததை வாசித்தேன். புழுவைப் பற்றியும் சொன்னேன். மண்டபத்தில் கதிரை அரக்கும் சத்தம்கூட இல்லை. ஒருவர் தொண்டையைச் செருமி, அடுத்த விடயத்துக்குப் போவோமா என்றார்.

பின்வரிசையிலிருந்து அந்த அன்ரி கையை உயர்த்தினார்.

"உந்தக் கறிதான் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும் தம்பி. நீ ஆசுப்பத்திரிக்கு வந்து நிண்டாய், உன்ரை முகத்தைப் பாக்கச் சொல்ல மனம் வரேல்லை" என்றார். பிறகு, சமையற் குறிப்பு விசாரிக்கும் குரலில் கேட்டார்:

"அது சரி, உந்தப் புழுச் சோதினைக்கு வெறுவயித்திலையே போகவேணும், சாப்பிட்டிட்டும் போகலாமே?"

"சாப்பிட்டிட்டுப் போகலாம் அன்ரி" என்றேன்.

"அப்ப எனக்கும் அந்தப் பேரை எழுதித் தா" என்று பையிலிருந்து ஒரு துண்டுக் கடதாசியை நீட்டினார். நான் எழுதி முடிப்பதற்குள் பக்கத்துக் கதிரைக்காரரும் ஒரு கடதாசி தேடத் தொடங்கியிருந்தார்.